தூதருக்கு ஒரு கும்பிடு

ஜனவரி 27

குடிதண்ணீர் வரவில்லை என்று காலையிலேயே துடியலூர் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். "ஏனுங்க எம்மெல்லே, கொழாயும் உங்களாட்ட எதிர்க்கட்சிக்குப் போயிருச்சுங்களா?" என்று ஒரு அம்மா கேட்டது. சிரித்தேன். எனக்கு இன்னும் சிரிக்க வருகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

அருளிடமிருந்து இன்றும் தகவல் இல்லை. அந்த நாட்டின் பெயரை எழுதக்கூடக் கை கூசுகிறது. அங்கே நம் ஆட்கள் தங்கியிருந்த லேபர் கேம்ப் தீப்பிடித்துப் பதினோரு பேர் வெந்து செத்தார்கள். கதவை வெளியே பூட்டியிருந்தார்கள் என்று செல்போனில் பேசி வீடியோ போட்டவன் என் மகன் அருள்குமார். அதே கம்பெனியில் சூப்பர்வைசர். மறுநாளே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். டெல்லிக்கு நடந்து நடந்து என் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரி தெய்வாத்தாள் சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை. கேட்டால் அழுவாள்.

பிப்ரவரி 2

அந்த நாட்டுத் தூதர் சட்டமன்றத்துக்கு வருகிறாராம். தொழில் ஒப்பந்தம் என்றதும் ஆளுங்கட்சிக்குத் தலைகால் புரியவில்லை. உறுப்பினர்கள் வரிசையில் நிற்பார்களாம், ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பாராம்.

ஒவ்வொருவருக்கும் என்றால் எனக்கும்தானே? "என் பையனை விட்டுருங்க." இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். வெட்கங்கெட்டவன் நான்.

பிப்ரவரி 5

கோவை கட்சி ஆபீசில் கூட்டம். கொறடா அப்புசாமி எடுத்த எடுப்பிலேயே, "தூதர் வர்றப்ப நம்ம ஆளுக ஒருத்தரும் உள்ள இருக்கப்படாது. புறக்கணிப்புத்தான்" என்றார்.

நான் எழுந்தேன். "வாசலுக்கு வந்தவன் எதிரியாவே இருந்தாலும் வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுதானுங்க நம்ம வழக்கம். மூஞ்சியத் திருப்பிட்டுப் போறது நமக்கு அழகில்லீங்க." பாதிப்பேர் தலையாட்டினார்கள். மரியாதை என்ற பேச்சை எடுத்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் கரைந்துவிடுவார்கள், எனக்குத் தெரியாதா.

பின்வரிசையில் நிலோஃபர் எழுந்தாள். போத்தனூர் மகளிரணிப் பொண்ணு. அவள் புருஷன் அந்தப் பதினோரு பேரில் ஒருவன்.

"அண்ணா, சாவு ஊட்டுக்கு வர்றவங்கள யாருங்க வாங்கன்னு கூப்புடுவாங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். சாவு வீட்டில் வருகிறவரை வாங்க என்று அழைப்பதில்லை. போகிறவரும் வாரேன் என்று சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போக வேண்டும். பிறந்ததிலிருந்து தெரிந்த வழக்கம், எனக்கு மறந்துவிட்டதா, மறைத்தேனா? புறக்கணிப்புத் தீர்மானத்துக்கு நானும் கை தூக்கினேன்.

வெளியே வந்ததும் என்னிடம் வந்தாள். "அருளு வாயத் தொறந்ததாலதானுங்ணா எங்கூட்டுக்காரரு எப்படிச் செத்தாருன்னு வெளிய தெரிஞ்சுது. அவனுக்காக துவா செய்யாத நாளில்லீங்க. வாரனுங்ணா." வாட்ச்மேனிடமும் வாரனுங்க, ஆட்டோ பிடித்துக் கொடுத்தவனிடமும் வாரனுங்க. யாரிடமும் சொல்லாமல் அவள் போனதில்லை.

பிப்ரவரி 6

தெய்வாத்தாள் இன்று வாயைத் திறந்தாள். "கட்சி உங்களுக்கு சீட்டுக் குடுத்துச்சு. பையனக் குடுத்தது நானுங்க."

பிப்ரவரி 8

இருவரும் அவிநாசி கோயிலுக்குப் போனோம். முதலை விழுங்கின பிள்ளையையே திரும்பக் கொடுத்த ஊர். விழுந்து கும்பிட்டு எழுந்தவள், "மொதலைகிட்டத்தான் கெஞ்சோணும்னா மொதலைகிட்டக் கெஞ்சுங்க" என்றாள். காரில் வரும் வழியெல்லாம் அந்த இங்கிலீஷை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 11, சென்னை

அப்புசாமி விடுதி அறைக்கே வந்துவிட்டார். மோப்பம் பிடித்திருப்பார் போல.

"பாலுசாமி, நாளைக்கு நீங்க உள்ள நின்னீங்கன்னா, பதினோரு ஊட்டுக்கும் நீங்கதான் பதில் சொல்லோணும்."

"உங்கூட்டுப் பையனா இருந்தா?"

கட்டிலில் உட்கார்ந்தார். "நானும் நின்னுருவனுங்க. அதுக்குத்தான் கட்சிக் கட்டுப்பாடுன்னு ஒண்ண வெச்சிருக்கறாங்க."

நல்ல மனுஷன். அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுத் தொலைத்திருப்பேன்.

பிப்ரவரி 12

எங்கள் ஆட்கள் எழுந்து போனார்கள். நான் போகவில்லை. கால் வரவில்லை என்று எழுதலாம், அது பொய். போகக்கூடாதென்று முடிவு பண்ணித்தான் உட்கார்ந்திருந்தேன்.

வரிசையின் கடைசியில் நின்றேன். நரைத்த தலை, நல்ல கோட்டு, சிரித்த முகம். தூதர் கை நீட்டினார். படித்து வைத்த இங்கிலீஷ் ஒன்றுமே வரவில்லை. இரண்டு கையையும் கூப்பி, "வாங்க, வாங்க" என்றேன். வாங்கன்னு சொல்லிப்போட்டேன்! கேமராக்கள் பளிச் பளிச்சென்றன. அதற்கப்புறம்தான் "மை சன்... மை சன்..." என்று நாக்கு புரண்டது. "எஸ், எஸ்" என்று தோளைத் தட்டிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார்.

இதுக்காடா நின்னே?

பிப்ரவரி 13

எல்லாப் பேப்பரிலும் என் கும்பிடு. கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். துடியலூரில் என் பேனரைக் கிழித்துப் போட்டார்களாம். நிலோஃபர் போன் பண்ணித் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கூப்பிடவே இல்லை.

பிப்ரவரி 14

அவர்கள் தூதரகமும் அந்தப் படத்தை வெளியிட்டிருக்கிறது. கைதானவரின் தந்தையே அன்புடன் வரவேற்றாராம், குறை எதுவும் சொல்லவில்லையாம். கொறையில்லையாமா. அடப்பாவிகளா, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நகந்துட்டு, கொறையில்லையாமா.

பிப்ரவரி 25

அருள் வந்துவிட்டான்.

ஏர்போர்ட்டில் தெய்வாத்தாள் அவனைக் கட்டிப் பிடித்தவள் விடவே இல்லை. வீட்டுக்கு வந்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போட்டாள், கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யார் என்ன சொன்னாலும் சரி, எனக்குச் சந்தோஷம்.

கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "உங்க போட்டோவக் கொண்டாந்து காட்டுனாங்கப்பா. உங்கப்பாவே சமாதானமாயிட்டாரு, நீ எதுக்கு இன்னும் முறுக்கிட்டு நிக்கறேன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் நான் ஒத்துக்கவே இல்லீங்கப்பா."

"எதைக் கண்ணு?"

"கதவு பூட்டலைன்னு சொல்லிப்போட்டேன். கேமரா முன்னாடி."

தெய்வாத்தாள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

பிப்ரவரி 27

நிலோஃபர் வந்தாள். பூட்டலைன்னு அருள் சொன்ன வீடியோ அவள் போனுக்கும் வந்திருக்கும். "வா அம்மணி" என்று கூப்பிடத்தான் பார்த்தேன். சொல்லாமல் நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டேன்.

அருளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "பூட்டியிருந்துச்சா கண்ணு?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுதான். அவள் மறுபடி கேட்கவில்லை. "எளச்சுப் போயிட்டே. நல்லாச் சாப்புடு" என்று அவன் தலையைத் தொட்டாள். தெய்வாத்தாள் கொண்டுவந்து வைத்த டீ அப்படியே ஆறியது.

எழுந்தாள். கேட் வரைக்கும் கூடவே போனேன். செருப்பை மாட்டினாள், முக்காட்டைச் சரிசெய்தாள். வாரனுங்ணா என்பாள் என்று நின்றேன்.

ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.