டிக்கிக்கு வந்த ரோஷம்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள். முதலாளி வீட்டுச் சமையல்காரர் சொல்லிக்கொடுத்து, முதன்முதலாக என் கையாலேயே எழுதுகிறேன்! உன் மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம்.

நான் துடைக்கும் காரின் டிக்கிக்கு ரோஷம் அதிகம். பின்னால் நின்று காலை அசைத்தால் தானே திறக்கும்படி செய்திருக்கிறார்கள். இதுவோ பூனை போனாலும் திறந்துகொள்கிறது. முந்தாநாள் உள்ளே இருந்த முதலாளியின் பை மழையில் நனைந்துவிட்டது.

"பெரியவரே, சும்மா சும்மா ஏன் தொறக்கறீங்க? இப்படியே போனா வேற ஆளைத்தான் பாக்கணும்," என்றார் முதலாளி.

"நான் தொடவே இல்லீங்க. அதுவா தொறக்குது," என்றேன்.

"அதுவா தொறக்க அதென்ன பேயா?" என்று காலை உதறினார். டிக்கி எழுந்து அவர் முகவாயில் ஒரு இடி இடித்தது. தடவிக்கொண்டே சிரித்துவிட்டார். "நீங்க இருங்க பெரியவரே. இதைத்தான் மாத்தணும்."

என் நெற்றியிலும் இடித்திருக்கிறது. பயப்படாதே, சின்ன வீக்கம்தான். கொஞ்சம் தைலம் அனுப்பு. இங்கேயும் கடையில் கிடைக்கிறது, தேய்த்துவிடத்தான் ஆள் இல்லை.

முதலாளி ஹாரன் அடிக்கிறார். அடுத்த வாரம் கட்டாயம் எழுதுவேன். நீயும் எழுது. இனி யாரும் எனக்குப் படித்துக்காட்ட வேண்டியதில்லை, வெட்கப்படாமல் எழுது.

உன் வீட்டுக்காரன்