மடங்கிய காது முயல்

அன்புள்ள தோழிக்கு,

நேற்று பள்ளிக் கண்காட்சியில் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பழைய கார்ட்டூன் கம்பெனிகளின் சின்னங்கள் வருடத்துக்கு வருடம் எப்படி மாறின என்று நீ வரைந்த நோட்டை, "என் பேருல வச்சிருடி" என்று சொல்லித்தான் கொடுத்தாய். நீ படிப்பை விட்டு போடிமெட்டு மலை எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போய் ஒரு வருடமாகிறது. நான் அட்டையில் என் பெயரை எழுதினேன்.

நடுவராக வந்த சார் நோட்டை முகர்ந்து பார்த்தார். "என்னம்மா, ஏலக்கா மணக்குது?"

"போடியில எது சார் மணக்காது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

முயல் சின்னத்தில் காது நிமிர்ந்தது முதலில் வந்ததா, மடங்கியது முதலில் வந்ததா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

"மடங்குனதுதான் சார் மொதல்ல."

சொன்னது நீ. வாசலில் நின்றாய். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்திருந்தாய். நகங்களில் ஏலக்காய்க் கறை அப்படியே இருந்தது.

"யாரும்மா இந்தப் பிள்ளை?"

"எஸ்டேட்ல காய் எடுக்கிற பிள்ளை சார். வேடிக்கை பாக்க வந்திருக்கும்" என்றேன் நான்.

உன்னோடு படித்த நம் வகுப்பே முகத்தைத் திருப்பிக்கொண்டது. உன் படங்களைப் புரொஜெக்டரில் சுவரில் பெரிதாகக் காட்டுவதற்காக விளக்குகளை அணைத்தார்கள்.

இப்படிக்கு,
உன் பெஞ்சில் உட்கார்ந்தவள்