எங்கள் வீட்டு உருமாறி

தென்காசி,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் இசக்கிமணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், டைகருக்குத்தான் காதில் உண்ணி. நீ டப்ளினில் சுகமா என்று விசாரிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, வாராவாரம் உன் யூடியூப் சேனலில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய், முகத்தில் நல்ல வெளிச்சம் அடிக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து இது அப்பா எழுதியதுதானா என்று உனக்குச் சந்தேகம் வரும். வரட்டும், இடது கையால் எழுதுகிறேன், இதையும் ஓர் ஆதாரமாகச் சேர்த்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், போனில் சொன்னால் நீ அதைப் பதிவு பண்ணிப் படம் போடுவாய், அதனால்தான் தபால். அம்மா ஏன் என் போனை எடுக்கவே மாட்டேங்கா என்று உன் தங்கையிடம் அழுதாயாம், முத்துச்செல்வி கடையத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். பாதியில் போய்விடாமல் கடைசி வரை இரு, உன் ரசிகர்களிடம் நீ அப்படித்தான் கெஞ்சுகிறாய்.

போன கார்த்திகையில் எனக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். வலது கை போனது, வாயின் ஓரம் கீழே இறங்கியது, பேர்கள் நாக்கில் வராமல் நின்றன. நீ வரவில்லை. வேலை, விசா என்றாய், ஒத்துக்கொண்டேன். ஆனால் தினமும் வீடியோ காலில் வந்தாய், மகன் எவ்வளவு பாசமா விசாரிக்கான் பாருங்க என்று உன் அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். அப்பா, காபியை எடுத்துக் குடிங்க என்றாய், குடித்தேன். அப்பா, டைகரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க என்றாய், நாய் எதிரில் நிற்கிறது, பேர் வரவில்லை, ஏலே ஏலே என்று கூப்பிட்டுவிட்டு எனக்கே அழுகை வந்தது. அப்பா, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிங்க என்றாய், சிரித்தேன். அந்த ஊர் டாக்டர் யாரிடமாவது கேட்டு எனக்குப் பயிற்சி கொடுக்கிறாய் என்று நினைத்தேன், பையன் படித்தவன் அல்லவா. மறுநாள் நீ கூப்பிடுவதற்கு முன்னால் கண்ணாடி முன் உட்கார்ந்து சிரித்துப் பழகுவேன், நீ சந்தோஷப்படுவாய் என்று.

அப்புறம் பங்குனியில் உன் சேனலில் அந்த வீடியோ வந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, முத்துச்செல்விதான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். நீ பேசுகிற அந்த இங்கிலீஷ் படங்களில் பறக்கிறவன், நெருப்பில் நடக்கிறவன், மலையைத் தூக்குகிறவன் எல்லாரும் ஒரே உலகத்துக்காரர்களாம், ஒரு படத்தில் விட்ட கதையை அடுத்த படத்தில் பிடிப்பார்களாம், இடையிடையே தொடர் வேறு வருமாம். அதில் வேறு கிரகத்து உருமாறிகள் ஒரு கூட்டம், யாரை வேண்டுமானாலும் பார்த்து அச்சு அசலாக மாறிவிடுவார்கள். எந்த நாயகன் அசல், எவன் உருமாறி என்று அடுத்த படம் வரும்வரை உலகம் முழுக்க உன்னைப்போல் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். சூரியக் கவசம் போட்ட தளபதியை நீ பிடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஐந்தாவது படத்தில் கோப்பையை இடது கையில் எடுக்கிறான், தன் நாயைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, சிரிப்பு ஒரு பக்கமாகப் போகிறது, ஆகவே இவன் தளபதி இல்லை. முப்பது வருஷம் போலீஸில் இருந்தவன் சொல்கிறேன், ஆள்மாறாட்டக் கேஸில் நாங்களும் இப்படித்தான் பார்ப்போம், என் கண் உனக்கு வந்திருக்கிறதே என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்கடுத்து, நம்பிக்கை வரலன்னா எங்க அப்பாவையே பாருங்க மக்களே என்றாய். பழைய என்னை ஒரு பக்கமும் புதிய என்னை ஒரு பக்கமும் போட்டாய். காபி, நாய், சிரிப்பு. எங்க அப்பாவையும் மாத்திட்டாங்க என்று சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பு நேராகத்தான் இருந்தது.

லட்சக்கணக்கில் பார்த்தார்கள், உனக்கே தெரியும். இங்கே என்ன ஆனது என்று உனக்குத் தெரியாது. சாரல் தொடங்கிய பிறகு யாக்கூப் என்னைக் குற்றாலத்துக்கு வண்டியில் கூட்டிப்போனான். கடையநல்லூர் யாக்கூப்தான், என்னோடு சீசன் பந்தோபஸ்து பார்த்தவன். அருவியில் தலை காட்ட எனக்கு இப்போது திராணி இல்லை, உன் அம்மாவுக்கு மங்குஸ்தான் வாங்கப் போனேன். பழக்கடை முன்னால் மதுரைப் பக்கத்து வாலிபர்கள் ஈரத்துண்டோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள், நீங்க உருமாறி அப்பாதான, அந்தச் சிரிப்ப ஒருக்கா சிரிங்க, படம் எடுத்துக்கிறோம் என்றார்கள். நான் லத்தியோடு நின்று கூட்டத்தை வரிசைப்படுத்திய இடம் அது. யாக்கூப் கெட்ட வார்த்தை சொல்லி விரட்டினான், அதையும் ஒருவன் படம் எடுத்தான். பழத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

இதோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். சுந்தரபாண்டியபுரத்து வயலை முத்துச்செல்வி பேருக்கு எழுதிவைக்க நினைத்தேன், ஆனி மாதம் பதிவு அலுவலகத்துக்குப் போனோம், நான், உன் அம்மா, முத்துச்செல்வி, சாட்சிக் கையெழுத்துக்கு யாக்கூப். உன் சித்தப்பா வல்லிநாயகத்துக்கு அந்த வயல் மேல் ரொம்ப நாளாகக் கண், அவனும் அங்கே வந்து நின்றான். வந்தவன் வழக்கு, வில்லங்கம் என்று ஏதாவது பேசுவான் என்று பார்த்தால், போனை எடுத்து உன் வீடியோவை அங்கிருந்த அதிகாரி அம்மாவின் மேஜையில் வைத்து ஓடவிட்டான். எங்க அண்ணன் வலது கையாலதான் கையெழுத்துப் போடுவாரு மேடம், ஆஸ்பத்திரிக்குப் போனவரு திரும்பி வரல, இவங்க யாரோ ஒரு ஆள கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்காங்க, பெத்த மகனே இது எங்க அப்பா இல்லன்னு சொல்லுதான் பாருங்க என்றான். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இது சினிமாக் கதைக்காகப் பையன் பண்ணின கேலி என்று முத்துச்செல்வி கத்தினாள். அந்த அம்மா நல்ல மாதிரிதான், ஆனாலும் ஆட்சேபணை என்று ஒருவர் வந்து சொன்ன பிறகு நான் சரிபார்க்கணும்ல என்றார். வலது கைப் பெருவிரலை மெஷினில் வைக்கச் சொன்னார்கள், மடங்கிப்போன விரல் அழுந்தவில்லை, ரேகை விழவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். சிலர் போனில் தேடி என்னையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

அப்போது அந்த அம்மா உன் அம்மாவைப் பார்த்து, நீங்க சொல்லுங்கம்மா, இவரு உங்க வீட்டுக்காரருதானா என்று கேட்டார். சாதாரணக் கேள்வி. உன் அம்மா என்னைப் பார்த்தாள். மேலும் கீழுமாகப் பார்த்தாள், என் வாயை, என் கையை. அந்த வீடியோவை அவளும் எத்தனையோ தடவை பார்த்தவள்தானே. இசக்கிமணி, அவள் உடனே சொல்லவில்லை. நாற்பது வருஷம் நான் கட்டிக் காப்பாற்றியவள், ஆமா என்ற ஒரு வார்த்தையைத் தேடி எடுத்தாள். அதற்குப் பிறகு இடது கைப் பெருவிரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தவுடன் ரேகை விழுந்தது, பத்திரமும் பதிவானது, வல்லிநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். மெஷின் என்னைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டது. வீட்டுக்கு வந்து, ஏன் யோசிச்ச என்று கேட்டேன். நான் எங்க யோசிச்சேன், பயத்துல நாக்கு எழும்பல என்றாள். ஆனால் அதற்குப் பிறகும் நான் டம்ளரை எடுக்கும்போது அடுப்படியிலிருந்து என் கையைப் பார்க்கிறாள், நான் திரும்பினால் அவள் திரும்பிக்கொள்கிறாள். ஒருநாள் சும்மா கேட்பதுபோல், நம்ம கல்யாணத்துல எனக்கு வாங்கின சேலை என்ன நெறம், ஞாபகம் இருக்கா என்று கேட்டாள். எனக்கு நிறம் தெரியும், அந்த வார்த்தைதான் வாயில் வரவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது, அவள் மேல் இல்லை. நீ கற்றுக்கொடுத்த வித்தையை நானும் பண்ணிப் பார்த்தேன். உன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, உன் பழைய வீடியோக்களையும் இப்போது நீ பேசுவதையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். வாய் கோணினாலும் கேஸ் கட்டத் தெரியும் எனக்கு. பாரு, இவன் நம்ம பையனே இல்ல, அவன் முன்னால எம்மா எம்மான்னு கூப்பிடுவான், இவன் மாம்னு கூப்பிடுதான் என்றேன். நம்ம பையனுக்கு லே இல்லாமப் பேச்சு வராது, இவன் பேச்சுல ஒரு லேயைக் காட்டு என்றேன். ஊருக்கு எப்ப வருவன்னு நீ கேட்டா இவன் கண்ணு கீழ போகுது பாரு என்று நிறுத்திக் காட்டினேன், மூன்று தடவையும் கீழேதான் போகிறது, நீயே போட்டுப் பார். இப்போதெல்லாம் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரிலேயே செய்து பெற்றவர்களை ஏமாற்றுகிறார்கள் என்று சைபர் கிரைம் பையன்கள் சொன்னதையும் சொன்னேன். அவள் நம்பவில்லை, போங்க, எம் புள்ளய எனக்குத் தெரியாதா என்று எழுந்துவிட்டாள். கடைசியாக ஒன்று கேட்டேன், அப்பா கை கால் விழுந்து ஆஸ்பத்திரியில கிடக்கான்னு தெரிஞ்சும் நம்ம பையன் வராம இருப்பானா, நம்ம பையன் அப்பன் முகத்தை ஊருக்குக் காட்டிச் சிரிப்பானா என்றேன். எழுந்தவள் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். ஆமா, அவன் அப்படிப் பண்ணமாட்டான் என்று மெதுவாகச் சொன்னாள். உன்னைப் பற்றி உன் அம்மா வைத்திருந்த நல்ல நினைப்பு அவ்வளவு, அதை வைத்துத்தான் நான் கேஸை முடித்தேன்.

அன்றிலிருந்துதான் உன் போனை அவள் எடுப்பதில்லை. ஒரு தடவை எடுத்தாள், நீ எம்மா நான்தாம்மா என்றாயாம், அவன் அப்படித்தான சொல்லுவான் என்று வைத்துவிட்டாள். என் கையை இப்போது பார்ப்பதில்லை, டம்ளரை அவளே எடுத்து இடது கையில் கொடுக்கிறாள், நான் எனக்கு வேண்டியதை வாங்கிவிட்டேன். நேற்று முத்துச்செல்வி வந்து, ஏம்பா இப்படிப் பண்ணுதீங்க, அம்மா தேய்ஞ்சு போயிருவா, விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிருங்க என்று அழுதாள். நான் சொல்லவில்லை. நீ ஊர் முழுக்கச் சொன்னதை நீ திரும்பச் சொல்லவில்லை, நான் ஒருத்தியிடம் சொன்னதை மட்டும் ஏன் திரும்பச் சொல்ல வேண்டும். நீ இனிமேல் டிக்கெட் போட்டு வந்து வாசலில் நின்றாலும் அவள் உன் வாயையும் கையையும்தான் முதலில் பார்ப்பாள், நின்று பழகிக்கொள். எனக்குப் பழகிவிட்டது.

வேறு விசேஷம் இல்லை. டைகருக்கு உண்ணி மருந்து வாங்கவேண்டும். உனக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, நம் சுடலைமாடசாமி துணை இருப்பார், குளிரில் காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ, வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. மறக்காமல் ஒன்று மட்டும் செய். உருமாறிகள் ஒருவனைப்போல் மாறிவிட்டால் அந்த அசல் ஆளைக் கொல்லமாட்டார்கள், எங்கேயோ உயிரோடு அடைத்துத்தான் வைத்திருப்பார்கள் என்று நீ ஒரு வீடியோவில் சொன்னாயாம். அதை உன் அம்மா பிடித்துக்கொண்டாள். போனைத்தான் எடுப்பதில்லையே தவிர, உன் சேனலை விடிந்ததிலிருந்து பார்க்கிறாள், பேச்சைக் கேட்பதில்லை, உன் தோளுக்குப் பின்னால் தெரிகிற கதவையும் அலமாரியையும் பார்க்கிறாள், பிள்ளையை அந்த உருமாறி அங்கே எங்காவது வைத்திருக்கிறானா என்று. அடைபட்டுக் கிடக்கிறவர்களுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுவார்களா என்று என்னிடம் கேட்கிறாள், நான் சொல்லவில்லை, எனக்கு அந்தப் படம் தெரியாது. அடுத்த வீடியோவில் நீ அதற்குப் பதில் சொல்லிவிடு, அவள் சாப்பிட்டு நாலு நாளாகிறது.

இப்படிக்கு,
இடது கையால்,
உன் அப்பா
சு. சுடலையாண்டி