நீலத் தொப்பிக்காரரின் வாழ்க்கை வரலாறு

அரேனால் ஆல்தோ, லீமா
ஏப்ரல் 21, 1985

அன்புள்ள எதெல்மிரா அக்காவுக்கு,

தங்கை செனாய்டா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இந்த வருடம் மூடுபனி சீக்கிரமே இறங்கிவிட்டது. துணி காய மூன்று நாள் ஆகிறது. அம்மாவின் இருமல் பரவாயில்லை. அப்பா பின்சுவருக்குச் செங்கல் வைக்கத் தொடங்கியிருக்கிறார். இரண்டு வரிசை எழும்பியிருக்கிறது, மற்ற மூன்று பக்கமும் இன்னும் நாணற்பாய்தான். அரெகிபாவில் நீ வேலை செய்யும் வீட்டில் உனக்குத் தனி அறை கொடுத்தார்களா? போன கடிதத்திலும் கேட்டேன். நீ பதில் எழுதவில்லை.

இனி நான் எழுதப் போவதை உட்கார்ந்துகொண்டு படி.

மே மாதம் நம் குடியிருப்புக்குப் பதிமூன்று வயது முடிகிறது, எனக்கும்தான். ஆசிரியை க்ளோரிந்தா, முதன்முதலில் இந்த மணலுக்கு வந்து மனை பிடித்தவர்களின் வாழ்க்கைக் கதைகளைச் சைக்ளோஸ்டைல் புத்தகமாகப் போடுகிறார். அவர்கள் சொல்வதைச் சொல் மாறாமல் எழுத வேண்டும், பிறகு படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், ஆண்டு விழாவில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். எனக்கு ஐந்து பேர். ஐந்தாவது, தொன் எலியோதோரோ. ஆமாம், அவர்தான். நம் மனையில் இப்போது அவருடைய மாடி வைத்த கடை நிற்கிறது. இந்த வருடம் விழாவில் கொடியேற்றப் போவதும் அவரே.

யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். மேட்டு மேலே இருக்கிறோம் என்றேன். "ஓ, லேட்டா வந்த கூட்டம்" என்றார். முதல் நாளே வந்த நம்மைப் பார்த்து, அக்கா! நான் பென்சிலைச் சீவிக்கொண்டேன்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "எனக்குக் கெடச்ச எடம் குப்பைமேட்டு ஓரம், பாப்பா. ரோட்டோரமா ஒரு நல்ல மனை. அதுல ஒரு பொட்டப்புள்ள, மனை புடிச்சதுக்கு அடையாளமா நட்ட கொடிக்குக் கீழே அடகாக்குற கோழி மாதிரி உக்காந்திருக்கா. கமிட்டிக்காரங்க நோட்டோட வந்துக்கிட்டிருக்காங்க. ஆள் இருந்தா மனை உண்டு, இல்லன்னா இல்ல, அதான் சட்டம். நான் ஓடிப்போய், 'ஏ புள்ள, தண்ணி லாரிகிட்ட உங்கம்மா விழுந்துட்டா, கொழந்த பொறக்கப் போவுது, ஓடு, நான் பாத்துக்கறேன்'னேன். செருப்புல ஒண்ண விட்டுட்டுப் பறந்தா பாரு! அவ திரும்பறதுக்குள்ள அந்தக் கொடியப் புடுங்கிட்டு என் பாய நட்டுட்டேன். மூளை இருக்கறவனுக்குத்தாம்மா இந்த மணல்ல எடம்."

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முழுவதையும் படித்துக் காட்டினேன். "நான் நீலத் தொப்பி போட்டிருந்தேன், அதையும் சேத்துக்க. அப்பல்லாம் நான் பாக்க நல்லா இருப்பேன்" என்றார். சேர்த்தேன். பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

நீலத் தொப்பி, அக்கா. ஒன்பது வயதில் நீ எல்லோரிடமும் அழுது அழுது சொன்ன அதே நீலத் தொப்பி. மனை காலியாகக் கிடந்தது, பிள்ளை எங்கோ விளையாடப் போயிருந்தாள் என்று அவர் சத்தியம் செய்தார். அப்பா அவரை நம்பினார், உன்னைப் பெல்ட்டால் அடித்தார். பதினொரு வயதில் உன்னை அரெகிபாவுக்கு பஸ் ஏற்றினார். "ஒரு காலைப்பொழுது உக்காரச் சொன்னோம், அதுகூட முடியல அவளுக்கு" என்று இன்றைக்கும் சோற்றுத் தட்டின் முன்னால் சொல்கிறார். அந்தப் பொய்யில் பிறக்கவிருந்த குழந்தை நான். அதற்கு ஒன்பது நாள் கழித்துத்தான் நிஜமாகப் பிறந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை, ஆசிரியையிடம்கூட. எழுத்துப் பிழை இருந்தால் அதைச் சாக்காக வைத்து நிறுத்திவிடுவார்களோ என்று அகராதியை வைத்து இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். அப்பாவுக்கு முன்வரிசையில் இடம் பிடிப்பேன். அதுவரை பொறுத்திரு.

உன் தங்கை,
செனாய்டா

* * *

மே 14, 1985

என் அக்காவுக்கு,

முடிந்தது.

பள்ளி மைதானத்தில் நாற்காலி போதாமல் ஜனங்கள் தண்ணீர் டிரம்களைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தொன் எலியோதோரோ சாம்பல் நிறக் கோட்டு போட்டு, மடித்த கொடி வைத்த மேசைக்கு அருகே இருந்தார். என் முறை வந்தது. அவசரப்படாமல் வாசித்தேன். கோழி என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், அவர்தான் எல்லோரையும்விட உரக்க. தண்ணி லாரி என்ற இடத்தில் பெண்கள் பக்கம் சிரிப்பு நின்றது. நீலத் தொப்பி வந்தபோது, காற்றில் கொடிக்கயிறு கம்பத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா எழுந்தாள். கூட்டத்தில் வாயே திறக்காதவள். "அன்னிக்கு நான் விழவே இல்லயே, எலியோதோரோ. டிரம் நிறையறதப் பாத்துக்கிட்டு நின்னேன். எம்புள்ள ஒத்தச் செருப்போட மூச்சு வாங்க ஓடி வந்தா, ஏண்டி மனைய விட்டுட்டு வந்தேன்னு அறைஞ்சேன். என் கையால அறைஞ்சேன்" என்றாள்.

அவர் முகம் பாய் நிறத்துக்கு வெளுத்தது. "சின்னப்புள்ள கதை கட்டுது, பொய்யி!" என்று கத்தினார். நான் தாளைத் தூக்கிக் கையெழுத்தைக் காட்டினேன். "தொப்பிய நீங்கதானே சேக்கச் சொன்னீங்க, தொன்? நான் எதெல்மிராவோட தங்கச்சி" என்றேன். பின்னாலிருந்து யாரோ, "மூளைக்காரரே, இப்ப எந்தப் பக்கம் ஓடப்போறீங்க?" என்று கேட்டார்கள். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி மைதானத்தைக் கடந்து போனார். ஒருவரும் வழிவிட்டு நகரவில்லை. டிரம்களைச் சுற்றிச் சுற்றித்தான் அவர் போக வேண்டியிருந்தது.

கமிட்டித் தலைவர் கொடியேற்ற வேறு ஆள் தேடினார். அம்மா நேரே மேசைக்குப் போய், மடித்த கொடியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள். தடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. இந்த வருடம் கொடி ஏறாமலே விழா முடிந்தது. அது இப்போது நம் டிரங்குப் பெட்டியில், உன் பழைய சீருடைக்குமேல் இருக்கிறது. இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார்கள். "அவ வந்ததும் தர்றேன்" என்கிறாள் அம்மா.

அவர் மனையைத் திருப்பித் தரமாட்டார், அது எனக்குத் தெரியும். ஆனால் மேட்டுப் பெண்கள் இப்போது அரைமைல் கூடுதலாக நடந்து வேறு கடைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் நீலக் காகிதத்தில் தொப்பி செய்து போட்டுக்கொண்டு அவர் கடை வாசல் வழியாகப் பள்ளிக்குப் போகிறார்கள். முதல் தொப்பியை மடிக்கக் கற்றுக்கொடுத்தது யாரென்று ஆசிரியை கேட்டார். நான்தான் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. எனக்கு வருத்தமில்லை அக்கா. இருக்க வேண்டுமோ என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

அப்பாவைப் பற்றி நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். முன்வரிசையில்தான் இருந்தார், கடைசி வார்த்தை வரை. அன்றிலிருந்து செங்கல் வைக்கவில்லை. சாப்பிடும்போது பேசுவதுமில்லை. இதை எழுதும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு எழுதத் தெரியாதே. "அக்காவுக்கு ஒண்ணு சொல்லணும், எழுதும்மா" என்று ஆரம்பித்து, ஒரே ஒரு வரி சொன்னார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பதிமூன்று வருடம் உன்னைப் பற்றி அந்த வாய் சொன்னதையெல்லாம் யாரும் எழுதித் தரவில்லை. இதையும் அதே வாயால் அவர் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். எவ்வளவு கெஞ்சினாலும் என் கை எழுதாது.

அதனால் நீ வா, அக்கா. ஜூலை விடுமுறைக்கு வா. பஸ் நிலையத்துக்கு அவரைத் தனியாக அனுப்புகிறேன். மலைப்பாதையில் பஸ் பத்திரமாக இறங்கட்டும், கடவுள் உன் கூடவே வரட்டும்.

உன் பெயரைச் சொல்லி வாசித்தவள்,
செனாய்டா