அக்கா வீட்டு லைன்

ஜூன் 3, திங்கள்

காலையிலேயே ஸ்டெல்லா அக்கா போன் செய்தாள். பின்னால் சினிமாச் சண்டை காதைப் பிளந்தது. அவள் வீடியோவில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்க உட்கார்ந்தால் போதும், அந்த ஆள் டி.வி.யில் நெட்டைப் போட்டு, சத்தத்தை முழுதாக வைத்துப் படம் பார்க்கிறானாம். வேண்டுமென்றேதான். அக்கா புருஷன்தான், ஆனாலும் மாமா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஜெயசீலன். அது போதும் அவனுக்கு.

சென்னைக் கம்பெனிக்காரர்கள் இந்த மாதம் அவள் பாடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். "பெர்மனென்ட் ஆவட்டும்டி. வில்லியனூர்ல ஒரு ரூம் எடுத்துக்கினு போயிடுவேன்" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் இப்படிப் பேசி இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

ஜூன் 5, புதன்

பாகூர் நெட் ஆபீசில் நான் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன்? ஊர் லைனெல்லாம் வந்து சேரும் எங்கள் ஸ்விட்ச் பெட்டியில் அக்கா வீட்டு லைன் ஏழாம் போர்ட். ஒரு போர்ட்டில் லிமிட் போட்டால் அந்த வீட்டுக்கு அவ்வளவுதான் வேகம். லைன்மேன் கண்ணையன் அண்ணன் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் கம்பம் ஏறப் போனதும், 'உள்ளே', 'வெளியே' என்று இருந்த இரண்டில் 'உள்ளே'யில் நானே போட்டேன். இரண்டு எம்.பி. பாடம் எடுக்க அது தாராளம். பெரிய டி.வி.யில் படம் ஓடாது. சுற்றட்டும். சுற்றிக்கொண்டே இருக்கட்டும்.

முதலாளி சிராஜுதீன் பாய்க்குத் தெரிந்தால் என் வேலை போகும். போனால் போகட்டும்.

ஜூன் 8, சனி

ஒரு புகாரும் வரவில்லை. மார்க்கெட்டில் ஜெயசீலன் எதிரே வந்தான். நெட் எப்படி ஓடுகிறது என்று நானே வலியப் போய்க் கேட்டேன்.

"சூப்பரா கீது. நேத்து கூட ரெண்டு படம் பாத்தேன்" என்று பல்லைக் காட்டினான். போன கிறிஸ்துமஸுக்கு, ஒயர் இழுக்கிற ஆபீசில் பொம்பளைக்கு என்ன வேலை என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தவன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஜூன் 10, திங்கள்

அரை எம்.பி. ஆக்கிவிட்டேன். பாருடா இப்போது.

ஜூன் 13, வியாழன்

அக்கா குரலே சரியில்லை. பாடத்துக்கு நடுவில் அவள் முகம் அப்படியே நின்றுபோகிறதாம். பிள்ளைகள் மிஸ், மிஸ் என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்களாம். அவன் படம் பார்க்கிறானா என்று கேட்டேன். பார்க்கிறானாம். அப்படியானால் இருக்கிற கொஞ்சத்தையும் அவன்தான் தின்கிறான்! கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அதிலும் பாதியாகக் குறைத்தேன்.

ஆனாலும் இவன் படம் மட்டும் எப்படி நிற்காமல் ஓடுகிறது — என்ன வரம் வாங்கி வந்திருக்கிறான்?

ஜூன் 19, புதன்

அக்காவுக்கு வேலை இல்லை என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வீடியோ தெளிவாக இல்லையாம், பெற்றோர் புகார் செய்தார்களாம். அவனுக்குக் கொண்டாட்டம். பிரியாணி வாங்கி வந்து அவளையே பரிமாறச் சொல்லியிருக்கிறான். நாசமாய்ப் போக.

ஜூன் 20, வியாழன்

அவன் இல்லாத நேரமாகப் பார்த்து அக்கா வீட்டுக்குப் போய், என் போனில் வேகத்தைச் சோதித்தேன். வீட்டுக்கு வருவது முழு வேகத்தில் வருகிறது. வீட்டிலிருந்து போவதுதான் நொண்டுகிறது.

ஐயோ. தலைகீழாகப் போட்டிருக்கிறேன். ஸ்விட்சுக்கு 'உள்ளே' என்றால் வீட்டிலிருந்து அதற்கு வருவது. நான் வீட்டுப் பக்கம் நின்று யோசித்து, 'உள்ளே' என்றால் வீட்டுக்குள் என்று நினைத்துவிட்டேன். அவனுடைய படத்தை நான் தொடவே இல்லை. அக்கா முகத்தையும் குரலையும்தான் வெளியே போகவிடாமல் நெரித்திருக்கிறேன். முதலில் கொஞ்சமாக, பிறகு இன்னும் இறுக்கி.

மறைக்கத் தோன்றியது. முடியவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள்.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியாடி?"

உன் நல்லதுக்குத்தானே செய்தேன் என்றேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். எனக்கென்ன லாபம், என் வேலையைப் பணயம் வைத்தவள் நான்.

"அவரும் அதத்தான் சொல்றாரு, என் நல்லதுக்குன்னு. நீ கெளம்பு."

என்னை அவனோடு சேர்க்கிறாள்! பஸ்ஸில் வரும்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 21, வெள்ளி

லிமிட்டை எடுத்துவிட்டேன். இனி யாருக்கு?

ஜூலை 2, செவ்வாய்

அக்கா போனை எடுப்பதில்லை. நானும் இனிக் கூப்பிடப் போவதில்லை.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஜெயசீலன் ஆபீசுக்கே வந்துவிட்டான். ஷேவ் செய்யாத முகம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன அக்கா திரும்பி வரவில்லையாம்.

"எங்க கீதுன்னு உனக்குத் தெரியும். சொல்லிடு செல்வி" என்றான். தெரியாது என்றேன். நம்பவில்லை. நான் அவனிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவன் எதிரிலேயே அக்கா நம்பரைப் போட்டுக் காட்டினேன். மணி கூட அடிக்கவில்லை. தன் போனிலும் இப்படித்தான் என்றான்.

சாயந்திரம் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. சேதராப்பட்டில் ஏதோ கம்பெனியில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்து, கூட வேலை செய்கிற பெண்களோடு தங்கியிருக்கிறாளாம். நன்றாக இருக்கிறாளாம். எந்தக் கம்பெனி, எந்தத் தெரு, நான் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன்.

அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை. "அவராண்டயும் சொல்லாத, செல்வியாண்டயும் சொல்லாதன்னுட்டுப் போயிருக்கா" என்றாள்.