மேல்கல் இல்லாத டிராயர் பெட்டி

என் முத்து அக்காவுக்கு,

“வேண்டாம்னு வெளியே போட்டதை நான் எடுத்துக் காப்பாத்துனா, அது யாருதுலே?” என்று ஒருநாள் என்னைக் கேட்டாய். விஸ்வநத்தத்தில் உன் ஒற்றை அறை வீட்டு வாசலில் அந்த டிராயர் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாய். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆன வாத்தியார். “எதுக்கும் முதலாளி வீட்டுல இன்னொரு தடவை கேட்டுக்கோக்கா” என்றேன். அது பதிலே இல்லை. பரீட்சைத் தாளில் ஒரு பையன் அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

முப்பது வருடம் கழித்து, நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதமான பிறகு, அதே கேள்வி திரும்பி வந்திருக்கிறது. இந்த முறையும் நான் தவறாகத்தான் பதில் சொன்னேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி முதலாளியின் தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர். அங்கே ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் வாங்கிய பெட்டி அது. முன்பக்கம் வயிறு தள்ளியிருக்கும். வளைந்த கால்கள், நாலு டிராயர், பித்தளைக் கைப்பிடிகள், மேலே ஒரு பளிங்குக் கல். வீட்டுக்கு இரும்பு பீரோ வந்ததும் முதலாளியம்மாவுக்கு அது இடைஞ்சலாகிவிட்டது. “அடுப்புக்காவது ஆகும், எடுத்துட்டுப் போ” என்றார். கல்லை மட்டும் சப்பாத்தி தேய்க்கலாமென்று கழற்றி வைத்துக்கொண்டார்.

நீ அதை அடுப்பில் வைக்கவில்லை. கல் இருந்த இடத்தில் பலகை அடித்தாய். அச்சகத்தில் கழித்துப் போட்ட பட்டாசு லேபிள் தாள்களை டிராயர்களுக்குள் விரித்தாய். மயிலும் ராக்கெட்டுமாக உள்ளே ஒரே திருவிழா.

அதற்குப் பிறகு செய்ததுதான் உன் வேலை. கம்பெனியில் ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. உன் அறையில் நீ, பாண்டியம்மாள், சங்கரேஸ்வரி, வேலம்மாள். பெட்டியிலும் டிராயர் நாலு. “ஆளுக்கு ஒண்ணு” என்று பிரித்துவிட்டாய். மழைக்கு ஒழுகாத, குடித்துவிட்டு வருகிற புருஷன் கை படாத ஒரு இடம் அந்தத் தெருவில் அதுவரை யாருக்கும் கிடையாது. பாண்டியம்மாள் தன் மகளுடைய நர்சிங் சான்றிதழை அங்கே வைத்தாள். சங்கரேஸ்வரி வீட்டுப் பட்டாவை வைத்தாள். கை வெந்த வேலம்மாள் வைத்த ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, அவளுடைய நஷ்டஈட்டுக் கேஸ் முடியவில்லை. நாலு டிராயருக்கும் ஒரே சாவி. அது உன் இடுப்பில் இருந்தது. இப்போது பாண்டியம்மாள் இடுப்பில்.

போன வாரம் உன் வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்ய ஆமத்தூரிலிருந்து வந்திருந்தேன். வாசலில் கார் நின்றது. முதலாளியின் மகன், சின்ன முதலாளி, இறங்கினார். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர்தான். கூடவே சென்னையிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்றேன். பாடம் சொல்லிக்கொடுத்தவன், ஓய்வூதியம் வாங்குகிறவன், பையன் வந்ததும் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றேன். முதலாளிகளைக் கண்டாலே எழுந்து நின்ற நம் அப்பாவின் முழங்கால் எனக்குள்ளே இன்னும் இருக்கிறது போல.

வியாபாரி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “அசல் பிரெஞ்சு கமோடு சார் இது” என்றார்.

வாசலில் நின்ற பாண்டியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏ ஆத்தி! இத்தன வருசமாப் பத்திரத்தையெல்லாம் கக்கூசுலயா வச்சிருந்தோம்?”

அவர் சிரிக்கவில்லை. இந்த மாதிரி டிராயர் பெட்டிக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர் என்றார். சாவித் துவாரத்தைச் சுற்றி வெள்ளியாகப் படிந்திருந்த விரல் தடங்களைத் தொட்டுக் காட்டினார். உங்கள் நாலு பேர் கையிலும் இருந்த அலுமினியப் பொடி, அக்கா. எத்தனை சீசன் ஒட்டியதோ! “இந்த அழுக்கை மருந்து போட்டு எடுத்துடலாம். உள்ளே இருக்கற குப்பைத் தாளையும் உரிச்சுடணும்” என்றார். முதலாளி வீட்டில் கிடந்த வருடங்கள் அதற்குப் பெருமையாம். உன் வீட்டில் இருந்த முப்பது வருடம் அழுக்காம்.

சின்ன முதலாளி என் பக்கம் திரும்பினார். “சார், இது எங்க தாத்தாவுக்கு அப்பா வாங்குனது. அம்மாகிட்ட கேட்டேன். சும்மா வச்சிருக்கத்தான் முத்தம்மாகிட்ட குடுத்தேன்னாங்க.”

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. “அதுக்கென்ன தம்பி, தாராளமா எடுத்துக்கங்க.”

இதுதான் நான் செய்த பிழை. உன் பெட்டியை, உள்ளே மூன்று பெண்களின் காகிதங்கள் இருக்கும்போதே, மரியாதைக்கு ஒரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வியாபாரி அப்போது பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மேல்கல் எங்கே? கல் இல்லாம இதுக்குப் பாதி மதிப்புதான்” என்றார்.

பாண்டியம்மாள் உள்ளே வந்தாள். “கல்லு எங்கயும் போகல. சின்ன முதலாளி வீட்டு அடுப்பாங்கரையிலதான் கிடக்கு. போன விசேசத்துக்கு நானே அதுலதான் பூரி தேச்சேன்.” பிறகு சின்ன முதலாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “ஏந்தம்பி, வச்சிருக்கச் சொன்னவுக கல்லை எதுக்குப் பிரிச்சு எடுத்தாக? இரவல் குடுக்குறவ மூடிய வச்சுக்கிட்டுப் பானையக் குடுப்பாளா?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குத்தான் புத்தி வந்தது. “தம்பி, நான் இப்பச் சொன்னதை அழிச்சிருங்க. தப்பாச் சொல்லிட்டேன். இது எங்கக்காவோடது. அவளுக்குப் பின்னால இதுல காகிதம் வச்சிருக்குற மூணு பேரோடது” என்றேன்.

“யோசிச்சுச் சொல்லுங்க சார். திங்கக்கிழமை லோடு வண்டி வரும்” என்று சொல்லிவிட்டுச் சின்ன முதலாளி போனார்.

அதோடு விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. மறுநாள் கம்பெனி ஃபோர்மேன் பாண்டியம்மாளை நிறுத்தி, “பழைய மரச்சாமானுக்காக வேலையக் கெடுத்துக்காதம்மா” என்றாராம். கேட்டு வாங்கத் துப்பில்லாதவர்கள் அவள் சோற்றில் கை வைக்கிறார்கள். அவளோ, “வேலைக்கு வேற கம்பெனி இருக்குண்ணே. பட்டா வைக்க வேற எடம் எங்க இருக்கு?” என்கிறாள்.

வகுப்பில் நான் ஒரு உதாரணம் சொல்வதுண்டு. ஒருவன் மாம்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை வீசுகிறான். ஒருத்தி அதை எடுத்து ஊன்றித் தண்ணீர் விடுகிறாள். மரம் காய்த்ததும் அவன் மகன் வந்து, கொட்டை எங்களுடையது என்கிறான். எந்த வருடம் சொன்னாலும் பிள்ளைகள் சிரிக்கும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. நீ பொடி உதிரும் கையோடு வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைத் துடைத்த அந்தி நேரங்களுக்கு எந்த வியாபாரி மதிப்புப் போடுவான்?

உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன் அக்கா, தாமதத்துக்கு மதிப்பெண் குறைத்துக்கொள். அது உன்னுடையது. அன்றைக்கே உன்னுடையதுதான்.

நாளை திங்கள்கிழமை. பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் வந்தால் தண்ணீர் கொடுக்கச் சொல்வேன், தம்பி என்றே கூப்பிடுவேன். ஆனால் எழுந்து நிற்க மாட்டேன். இது உனக்கு என் சத்தியம்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவருக்கு அடுத்த முறை ஒரு பழைய பொருளைக் கொடுக்கும்போது, ‘இது இனி இவருடையது’ என்று ஒரு தாளில் அவர் பெயரோடு எழுதி, கையெழுத்துப் போட்டு, பொருளோடு சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

உட்கார்ந்தே இருக்கப் போகிற
உன் கூடப்பிறந்த தம்பி