இல்லாத மாடி

ஜூன் 2

ஹவுஸ் ஓனர் வந்திருந்தார். சமையலறைச் சுவரைத் தட்டினார், முகர்ந்தார், "தண்ணி அதிகமா புழங்குறீங்களோ?" என்றார். பாத்திரத்தைப் பின்னே எதில் கழுவுவதாம்? போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவர் மகள் குடும்பத்தோடு வருகிறாளாம். ஜூலை கடைசிக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டுமாம்.

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் இது ஏழாவது வாடகை வீடு. இவரிடம் சொல்லிவிட்டேன், இனி மாறினால் சொந்த வீட்டுக்குத்தான். பெரிதாக வேண்டாம். எவரும் உள்ளே வந்து இப்படி இரு, அப்படி இரு என்று சொல்லாத நாலு சுவர் போதும்.

இவர் "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

ஜூன் 7

வீடு பார்த்தோம். பிடித்துவிட்டது. பிடித்ததை முகத்தில் காட்டாதே என்று இவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே போனதும் "ஆஹா" என்றவர் இவர்தான்.

இரண்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன, நடுவில் ஒரே சுவர். இரண்டுமே தரையோடு முடிகிற வீடுகள், மேலே மொட்டைத் தளமும் தண்ணீர்த் தொட்டியும்தான். மேற்குப் பக்கத்து வீடு விற்பனைக்கு. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர், வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டோடு போகிறாராம். கிழக்குப் பக்கத்து வீட்டில் டீச்சரின் தம்பி இருக்கிறார், தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். அக்கா தம்பிக்குப் பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். "அது மோட்டார் சத்தம்னு நெனச்சுக்கம்மா" என்றார் டீச்சர்.

புரோக்கரிடம் எதைக் கேட்டாலும் "ஆயிடும்" என்கிறார். விலை குறையுமா? ஆயிடும். வங்கிக் கடன்? ஆயிடும். மழையில் ஒழுகுமா என்று கேட்டேன். அதற்கும் ஆயிடும். இனி அவர் பெயரே அதுதான்.

ஜூன் 18

முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. வங்கியும் கடிதம் கொடுத்துவிட்டது, அதற்கும் ஜூலை 31 வரைதான் உயிர். வக்கீல் வில்லங்கச் சான்றைக் காட்டி, "வில்லங்கமே இல்ல மேடம், கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். இவர் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். தன் தொழிலைப் பாராட்டியதுபோல் தலையாட்டிக்கொண்டார்.

ஜூன் 21

ஏன் படித்தேன்? ஞாயிற்றுக்கிழமை, துவைக்க வேண்டிய துணி மலைபோல் கிடக்கிறது, அதை விட்டுவிட்டு ஏன் உட்கார்ந்து பழைய பத்திரத்தைப் படித்தேன்?

அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பிழை திருத்துகிறேன். எழுத்தைக் கண்டால் கை பென்சிலைத் தேடுகிறது, அதுதான் காரணம்.

டீச்சரின் அப்பா எழுதி வைத்த உயிலில் இப்படி இருக்கிறது: "மேல்வீடு என் மகளுக்கும், கீழ்வீடு என் மகனுக்கும்." பழைய எழுத்தில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. சரி. அவர் போன பிறகு அக்காவும் தம்பியும் பாகப் பத்திரம் பதிந்திருக்கிறார்கள். அதை எழுதிய புண்ணியவான் பெரியவரின் தமிழைப் புதுப்பித்திருக்கிறார்: "மாடி வீடு மூத்தவருக்கும், தரைத்தள வீடு இளையவருக்கும்."

நாலு முறை படித்தேன். மாடி வீடு. அங்கே மாடியே இல்லையே!

இவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். "நீ ஏன் இதைப் படிச்ச?" என்றார்.

ஜூன் 22

வக்கீல் அலுவலகம். "மேல்னா மேலதானே மேடம்?" என்று வக்கீல் விரலை உயர்த்தினார். நான் பார்த்தேன், இவர் பார்த்தார், தட்டச்சு செய்யும் பெண்ணும் பார்த்தாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மேற்கு என்று விளக்கினேன். வக்கீல் பத்திரத்தைப் பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை புரட்டினார். "அப்போ நீங்க வாங்கப் போறது..."

"காத்து" என்றார் இவர். இந்த விஷயத்தில் இவர் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை.

பத்திரப்படி டீச்சருக்கு இருப்பது இல்லாத மாடி. தரை மொத்தமும் தம்பிக்கு. இதைச் சரிசெய்ய ஒரே வழிதான் உண்டு: பிழைத்திருத்தல் பத்திரம். அதில் அன்று கையெழுத்துப் போட்ட இருவரும் மறுபடி சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இருவரும் ஒரே நாளில், ஒரே மேசை முன்னால்.

"இல்லன்னா கண்டும் காணாம விட்டுடலாம்" என்றார் வக்கீல். "யாரு மேடம் இதெல்லாம் படிக்கப் போறா?"

நான் படித்தேனே ஐயா!

ஜூன் 23

இவர் என்னோடு பேசவில்லை. "ம்" கூட இல்லை.

ஜூன் 28

மோட்டார்க்காரரைப் பார்க்கப் பட்டறைக்குப் போனேன். பிரித்துப் போட்ட மோட்டார்களுக்கு நடுவில் கால் வைக்க இடம் தேடி நின்று விஷயத்தைச் சொன்னேன். கிரீஸ் கையோடு பத்திர நகலை வாங்கிப் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ஒரு சொம்பு தண்ணீர் ஆயிற்று.

"அப்போ பதினோரு வருஷமா எங்கக்கா என் தரையில நின்னுக்கிட்டுதான் என் மேல கோவமா இருக்காளா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

"கையெழுத்துதானே? போடுறேம்மா. எனக்கென்ன, அவ தரை எனக்கு வேணாம். ஆனா அவ வந்து கேக்கட்டும்."

ஜூன் 29

டீச்சரிடம் போனேன். "நானா? அவன்கிட்டயா?" இவ்வளவுதான் பதில். ஒரு டம்ளர் டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 5

ஹவுஸ் ஓனர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஜன்னல் திரைக்கு அளவெடுத்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "நீங்க சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று எங்கள் தலைக்கு மேல் நாடாவைப் பிடித்தார்.

ஜூலை 9

புரோக்கர் இன்று "கஷ்டம்தான்" என்றார். "ஆயிடும்" என்று எரிச்சலூட்டிக்கொண்டிருந்த மனிதர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தால் என்ன செய்வது? ஒருவேளை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இந்நேரம் வெள்ளையடிக்க ஆள் பார்த்துக்கொண்டிருப்போம். வெள்ளையடித்து, பால் காய்ச்சி, ஒருநாள் தம்பி கதவைத் தட்டி "தரை என்னோடது"ன்னு நின்னா? அப்ப என்ன பண்ணுவே? எங்க போவே? எல்லாம் கொட்டி வாங்கினது காத்துதான்னு ஊரெல்லாம் சிரிக்காது?

அழுதேன். இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ படிச்சது நல்லதாப் போச்சு" என்றார். பதினெட்டு நாள் கழித்து!

ஜூலை 12

மறுபடி டீச்சர் வீடு. இந்த முறை பத்திர நகலைக் கையோடு கொண்டு போனேன். "நீங்களே ஒருதரம் படிச்சுப் பாருங்க டீச்சர்" என்றேன்.

அவர் வாங்கவில்லை. அப்போதுதான் கதை வெளியே வந்தது.

"அன்னைக்குப் பதிவு ஆபீஸ்ல இதைப் படிச்சுப் பாக்கணும்னு கேட்டேன். 'என் மேலயே நம்பிக்கை இல்லையா, கூடப் பொறந்தவனையே சந்தேகப்படுறியா'ன்னு அத்தனை பேர் முன்னால குதிச்சான். சரிடாப்பான்னு படிக்காமலே போட்டேன். அதோட சரி."

"இப்பப் படிங்களேன்."

மூக்குக்கண்ணாடியை எடுத்தார். எழுதுகோலும் எடுத்தார். சிவப்பு மை! ஞாயிற்றுக்கிழமையிலும் எனக்குத் தொழில் விடவில்லையென்றால், ஓய்வு பெற்றாலும் அவருக்கு மட்டும் விடுமா? "மாடி"யைச் சுற்றி ஒரு வட்டம். "தரைத்தளம்" மேல் ஒரு கோடு. பத்திரம் எழுதியவரின் சந்திப்பிழைகள் பதினான்கையும் விடவில்லை. மூன்றாம் பக்கத்தில், இருவர் கையெழுத்தும் இருந்த இடத்தில், கை நின்றுவிட்டது. "மக்கு" என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் 0/10 என்று போட்டு அடியில் எழுதினார்: "திருத்தி எழுதி இருவரும் கையொப்பமிடவும்." என்னிடம் நீட்டினார். "கொண்டு போய்க் காட்டு. நான் ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லிடு."

ஜூலை 13

அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு. பட்டறையில் மோட்டார்க்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டுதான் தாளைத் தொட்டார். சிவப்பு மையைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சாம் வகுப்புல எனக்கு இவதான் டீச்சர் தெரியுமா? கூடப் பொறந்தவன்னுகூடப் பாக்காம இப்படித்தான் முட்டை போடுவா."

"அவங்க ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லச் சொன்னாங்க" என்றேன். நேர்மையாக இருக்க வேண்டுமே.

"கேட்டுட்டா பாருங்க. இதுக்கு மேல அவளுக்குக் கேக்கத் தெரியாது." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "என்னைக்கு, எத்தனை மணிக்கு வரணும்?"

தெருவில் இறங்கி நடந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தத் தரை இன்னமும் அவருடையதுதான், அது வேறு விஷயம்.

ஜூலை 21

நாளை பதிவு. பிழைத்திருத்தல் பத்திரத்தை மூன்று முறை சரிபார்த்தேன். மேற்கு மேற்காக இருக்கிறது. கிழக்கு கிழக்காக இருக்கிறது. ஒரு புள்ளி தப்பவில்லை. வக்கீல் "நீங்க பாத்தா சரியாத்தான் மேடம் இருக்கும்" என்றார். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 22

பதிவு அலுவலகத்தில் நீண்ட பெஞ்சின் இந்தக் கோடியில் டீச்சர், அந்தக் கோடியில் தம்பி. நடுவில் நான், இவர், வக்கீல், புரோக்கர் நால்வரும் தடுப்புச் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரமாக இருமல் மட்டும் கேட்டது.

எங்கள் முறை வந்தது. பதிவாளர் தலையை நிமிர்த்தாமலே, "படிச்சுப் பாத்துட்டீங்களா? கையெழுத்துப் போடுங்க" என்றார். பத்திரம் முதலில் தம்பி பக்கம் வந்தது. அவர் பேனாவை எடுத்தார். கீழே வைத்தார். பத்திரத்தை அப்படியே அக்கா பக்கம் நகர்த்தினார்.

"நீ படி. படிச்சுட்டுச் சொல்லு. அப்புறம் போடுறேன்."

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். ஆள்காட்டி விரலை வரிக்கு வரி நகர்த்தி, வாய்க்குள் முணுமுணுத்து, ஒரு வார்த்தை விடாமல் படித்தார். பின்னால் வரிசை சலசலத்தது. பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம்மா" என்றார் யாரோ.

"அவங்க படிக்கட்டும் சார்" என்றார் தம்பி. பட்டறைக் குரல். வரிசை அடங்கியது.

இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. "இங்க ஒரு தப்பு."

எட்டிப் பார்த்தேன். "எழுதிக் கொடுப்பவர்களில் முதலாமவர், வயது 16." அறுபத்தொன்று! எண்கள் இடம் மாறியிருக்கின்றன. மூன்று முறை பார்த்தவள் நான்! திசைகளையே துரத்திக்கொண்டிருந்ததில் வயதைக் கோட்டை விட்டிருக்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. இவர் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார்.

தம்பி எட்டிப் பார்த்தார். "பதினாறுன்னே இருக்கட்டும்க்கா. உனக்குக் கசக்குதா?"

டீச்சர் சிரித்துவிட்டார். முதலில் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மூடிய தலைப்பு அப்படியே கண்ணுக்குப் போயிற்று. தம்பி கைக்குட்டையை நீட்டினார். முழுக்கக் கிரீஸ். அதை வாங்கித்தான் துடைத்துக்கொண்டார். அடுத்த அரை மணி நேரம் கன்னத்தில் கறுப்புத் தீற்றலோடுதான் இருந்தார். சொல்ல எங்களுக்கு யாருக்கும் தைரியம் வரவில்லை.

வயதைத் திருத்தி, திருத்தத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, கைநாட்டும் வைத்தாயிற்று. டீச்சர் என்னிடம் வந்தார். "மூணு தடவை பாத்தேன்னு சொன்னே?"

கையிலிருந்த பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 29

விற்பனைப் பத்திரமும் பதிவாகிவிட்டது. நான், இவர், இரண்டு பேர் பெயரும். மாடி எங்கும் இல்லை. புரோக்கர் "நான் அப்பவே சொன்னேன்ல, ஆயிடும்னு" என்றார்.

ஜூலை 31

குடி வந்துவிட்டோம். முதுகு ஒடிகிறது. பெட்டிகள் பிரிக்கவில்லை. ஹாலில் பாய் விரித்துப் படுக்கப் போகிறோம். எங்கள் தரை.

ஆகஸ்ட் 10

டீச்சர் மகள் வீட்டுக்குப் போகவில்லை. மகள் இருப்பது ஒன்பதாவது தளமாம். "மாடி எனக்கு ஒத்துக்காதும்மா" என்கிறார். சாமானெல்லாம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் விடிந்தால் சண்டை. உப்பு அதிகம், உப்பு குறைவு, கிரீஸ் கையோடு கதவைத் தொடாதே. பதினோரு வருஷப் பாக்கியை வட்டியோடு தீர்க்கிறார்கள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 16

இன்று காலை சமையலறையில் நிற்கிறேன், பின்னால் சத்தம். திரும்பினால் டீச்சர். கதவைத் தட்டவில்லை. சாவி ஒன்று அவரிடம் இன்னும் இருந்திருக்கிறது. அவர் அதை மறைக்கவும் இல்லை, கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். நேராக ஹாலுக்குப் போய், "சாப்பாட்டு மேசையை யாராவது இங்க போடுவாங்களா? அந்த மூலைக்கு நகத்து. காத்து அங்கதான் வரும்" என்றார். தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தார், மூடினார், போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏழு வீடு மாறி, பத்திரம் திருத்தி, அழுது, அலைந்து, இதுக்கா? பத்திரம் யார் பேர்ல இருக்கு? இவரிடம் பொரிந்து தள்ளினேன். இவர் "ம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மத்தியானம் சும்மா, சும்மாதான், நான் மட்டும் மேசையை அந்த மூலைக்கு இழுத்துப் பார்த்தேன். காற்று வருகிறது. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தப் பக்கம் அக்கா எதற்கோ தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார், நன்றாகக் கேட்டது.

சாயங்காலம் இவர் கடைத்தெருவிலிருந்து முன்கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தார். பார்த்தேன். நல்ல பூட்டுதான். பரணில் எடுத்து வைத்துவிட்டேன்.